வீட்டு ஸ்டுடியோவுக்கு மிடி கீபோர்டு தேர்ந்தெடுப்பது எப்படி?

"அண்ணா, கீபோர்டு வந்துடுச்சு, செருகிட்டேன், சத்தமே வரல." புதிதாக மிடி கீபோர்டு வாங்கியவர்கள் எனக்கு போன் செய்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். கீபோர்டில் ஒரு கோளாறும் இருக்காது. வாங்கிய வரிசைதான் தலைகீழ். முதலில் மாடலைப் பார்த்துப் பணம் கட்டிவிடுவார்கள். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் மேஜை, லேப்டாப், கேபிள் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். நானும் முதல் தடவை அப்படித்தான் வாங்கினேன். விரலால் தட்டும் எட்டு பேடு, திருகும் எட்டு குமிழ் வைத்த குட்டி கீபோர்டு. ஒரு வருஷத்தில் நான் தொட்டது இரண்டு பேடு.

அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். மாடல் பெயர்கள் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். அதற்கு முன் ஒரு அளவு டேப், பழைய செய்தித்தாள் நாலு, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1. சத்தம் எங்கிருந்து வரப்போகிறது?

மிடி கீபோர்டு, அதாவது மிடி கன்ட்ரோலர், தானாக ஒலி எழுப்பாது. உள்ளே ஸ்பீக்கரும் இல்லை, பியானோவும் இல்லை. நடு 'சி' கீயை அழுத்தினால் அது கம்ப்யூட்டருக்கு அனுப்புவது ஒரு செய்தி மட்டும்தான்: "60ஆம் எண் அழுத்தப்பட்டது, வேகம் 87." அந்த வேகத்துக்கு வெலாசிட்டி என்று பெயர், 1 முதல் 127 வரை. அதைப் பியானோவாகவோ புல்லாங்குழலாகவோ மாற்றுவது கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேர்.

ஆகவே முதலில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைப் போடுங்கள். மேக் என்றால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். அதற்குள் ஏற்றும் இலவச சாஃப்ட்வேர் வாத்தியங்களுக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, ஸ்பிட்ஃபயர் லேப்ஸ் மூன்றும் ஆரம்பத்துக்குத் தாராளம். லேப்டாப்பின் எழுத்துக் கீகளையே பியானோ கீயாகப் பயன்படுத்தும் வசதி ரீப்பரிலும் கராஜ்பேண்டிலும் இருக்கிறது. அதை வைத்து இரண்டு வாரம் ஓட்டுங்கள்.

இதற்குக் காரணம் இரண்டு. வாத்தியத்தை ஏற்றியதுமே உங்கள் லேப்டாப் கரகரவென்று திணறினால், எந்த கீபோர்டு வாங்கியும் அது சரியாகாது. 11ஆம் பகுதியில் சொல்லும் பஃபரை ஏற்றியும் தீராவிட்டால், அந்தப் பணம் லேப்டாப்புக்குப் போக வேண்டியது. அப்புறம், இரண்டு வாரம் வாசித்த பிறகு உங்களுக்கு உண்மையில் எது குறைகிறது என்று விரலே சொல்லிவிடும். சிலருக்கு இடம் போதவில்லை, சிலருக்கு அழுத்தம் கிடைக்கவில்லை, சிலருக்கு தாளம் தட்ட ஏதாவது வேண்டும். மூன்றுக்கும் மூன்று வேறு கீபோர்டு.

2. வீட்டில் இருக்கும் பழைய கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள்

அலமாரி மேல் துணி போர்த்திய யமஹாவோ கேசியோவோ இருக்கிறதா? இறக்கி, பின்பக்கத்தைப் பாருங்கள். கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வந்த பல மாடல்களில் சதுரமான ஒரு யூஎஸ்பி துளை இருக்கும். யமஹாவில் பக்கத்தில் 'டு ஹோஸ்ட்' என்று எழுதியிருக்கும். பிரின்டருக்குப் போடும் கேபிள்தான் அதற்கும். செருகினால் அதுவே மிடி கன்ட்ரோலர். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

இப்படிச் செருகியதும் ஒவ்வொரு நோட்டும் இரண்டு முறை கேட்கும், ஒன்று கீபோர்டிலிருந்து, ஒன்று சாஃப்ட்வேரிலிருந்து. மெனுவில் 'லோக்கல் கன்ட்ரோல்' இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கீபோர்டின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டால் போதும்.

இந்த வழி சரிப்படாத இடங்களும் உண்டு. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம் வரும் மாடலில் டச் ரெஸ்பான்ஸ் இல்லை என்று அர்த்தம்; அதை வைத்து உணர்ச்சியோடு எதையும் பதிவு செய்ய முடியாது. ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் வீல் இல்லாத மாடல்களும் நிறைய. இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் மேலே படியுங்கள். இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு வாசிக்கப் போகலாம்.

3. மேஜையை அளந்துவிடுங்கள்

முழு அளவு வெள்ளைக் கீ ஒன்றின் அகலம் சுமார் 23.5 மில்லிமீட்டர். இது ஒன்று தெரிந்தால் கணக்கு நம் கையில். 25 கீ கீபோர்டில் 15 வெள்ளைக் கீ, அதாவது 35 சென்டிமீட்டர். 49 கீயில் 29 வெள்ளை, 68 சென்டிமீட்டர். 61 கீ என்றால் 85, 88 கீ என்றால் 122. இதோடு இடது ஓரத்தில் வீல்களுக்கும் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் சேர்த்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டதோடு விடாதீர்கள். வந்த நீள அகலத்துக்குச் செய்தித்தாளை வெட்டி ஒட்டி மேஜையில் விரியுங்கள். அதன் பின்னால் லேப்டாப்பை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை எங்கே வைப்பீர்கள் என்று பாருங்கள். 61 கீ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற பலர் இந்தத் தாளைப் பார்த்ததும் 49க்கு இறங்கி வந்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் மேஜையின் இழுப்புத் தட்டில் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் உயரத்தையும் அளக்க வேண்டும். கீபோர்டின் உடம்பு உள்ளே போகும், மேலே துருத்தும் குமிழ்கள் மேஜையின் அடிப்பலகையில் இடிக்கும். மேஜை மேலேயே வைத்தால் கீகள் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். தோள் தூக்கியபடி வாசித்து ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். நாற்காலியை ஏற்ற முடியுமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

4. எத்தனை கீ?

ஹார்மோனியக்காரர்கள் கீயையே கட்டை என்பார்கள். ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதிக்குப் பெயர் வந்ததும் அந்த வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தான். குழப்பம் வேண்டாம் என்று இங்கே அழுத்துவதைக் கீ என்றும் சுருதியைக் கட்டை என்றும் எழுதுகிறேன்.

25 கீ என்றால் சியிலிருந்து சி வரை இரண்டு ஆக்டேவ், அதாவது இரண்டு ஸ்தாயி. தாளம், பேஸ், இரண்டு மூன்று கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது), இதற்கெல்லாம் போதும். கர்நாடக உருப்படியோ சினிமாப் பாட்டின் மெட்டோ வாசிப்பவருக்குப் போதாது. ஏன் என்று ஒரு கட்டை சுருதியில், அதாவது சியைச் சட்ஜமாக வைத்து, பாருங்கள். முதல் கீயை மத்திய ஸ்தாயி சட்ஜமாக வைத்தால் கீழே மந்திர நிஷாதம்கூட இல்லை. ஆக்டேவ் பட்டனை அழுத்தி ஒரு ஸ்தாயி இறக்கினால் கடைசிக் கீயில் தார சட்ஜம் வந்து முடிந்துவிடும். அதற்கு மேல் ரி, க கிடையாது. மந்திர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரை போய்வரும் உருப்படியில் எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் வெட்டுப்படும். பாட்டின் நடுவே இடது கை பட்டனைத் தேடும்.

37 கீ வந்தால் மூன்று ஸ்தாயி முழுசாகக் கிடைக்கும், வலது கையால் மட்டும் மெட்டு வாசிப்பவருக்கு அது நிறைவு. இடது கையில் கார்டும் வேண்டும் என்றால் 49. இரண்டு கையும் சுதந்திரமாக ஓட வேண்டும் என்றால் 61. பியானோ முறையாகக் கற்றவர், கற்பவர் மட்டும் 88க்குப் போகலாம். எதிர்காலத்தில் கற்றுக்கொள்வேன் என்று இன்று 88 வாங்கியவர்களின் கீபோர்டு கட்டிலுக்கு அடியில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு 49தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாடகி ஐந்து கட்டை என்பார்; சி-யிலேயே வாசித்துப் பழகிய நீங்கள் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டனால் ஏழு செமிடோன், அதாவது கருப்பையும் சேர்த்து ஏழு கீ, ஏற்றுவீர்கள். நல்ல வசதிதான். ஆனால் பட்டன் மாற்றுவது கம்ப்யூட்டருக்குப் போகும் எண்ணையே. மறுநாள் அதை மறந்துவிட்டு வேறு டிராக்கில் வாசித்தால் எல்லாம் ஏழு செமிடோன் தள்ளிப் பதிவாகியிருக்கும். சாஃப்ட்வேரின் டிராக்கில் டிரான்ஸ்போஸ் வைத்துக்கொள்ளுங்கள். அது கண்ணுக்குத் தெரியும், பாட்டோடு சேர்ந்து சேமிக்கப்படும்.

5. விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

சாதாரண சிந்த் (சின்தசைசர்) ஆக்ஷன் கீ ஸ்பிரிங்கில் துள்ளும், லேசானது. செமி வெயிட்டட் கொஞ்சம் கனம். ஹேமர் ஆக்ஷன் பியானோ மாதிரி, உள்ளே சுத்தியல் போன்ற எடை இருக்கும். கனம் கூடினால் தரம் கூடியது என்று நினைக்க வேண்டாம். ஆர்கன், சிந்த், வேகமான பிருகா இவற்றுக்கு லேசான கீதான் கை கொடுக்கும்.

மினி கீ வேறு சமாச்சாரம். பெரியவர்களின் விரல் இரண்டு கருப்புக் கீகளுக்கு நடுவே நுழையாது. முழு அளவில் பழகிய கை அதில் ஆக்டேவ் தாவும்போது ஒரு ஸ்வரம் தள்ளி விழும். பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு மட்டும் மினி சரி.

பார்க்க வேண்டியது வெலாசிட்டி சீராக வருகிறதா என்பது. ஒரே கீயைப் பத்து முறை ஒரே மாதிரி மெதுவாகத் தட்டி, திரையில் எண்ணைப் பாருங்கள். 35, 38, 33 என்று வந்தால் நல்லது. 30, 71, 28 என்று குதித்தால் அந்த கீபோர்டில் பியானோ வாசிப்பது கல்லில் நடப்பது மாதிரி இருக்கும். எல்லாக் கீயும் ஒரே அளவில் கூடியோ குறைந்தோ வந்தால் பயமில்லை. வெலாசிட்டி கர்வ் என்ற அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

அழுத்திய கீயை மேலும் அழுத்துவதை உணரும் ஆஃப்டர்டச் முதல் கீபோர்டில் இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது.

6. கமகம் வாசிப்பவரா? வீலைத்தான் முதலில் பாருங்கள்

விமர்சன வீடியோக்களில் இதைப் பற்றி ஒரு வரிதான் சொல்வார்கள். ஸ்வரத்தை ஆட்டியும் வழுக்கியும் கமகம் செய்யும் நம் இசைக்கு இதுதான் உயிர்நிலை.

பிட்ச் பெண்ட் வீலின் முழு ஓட்டத்துக்கும் மிடியில் 16,384 படிகள் வரை இடம் உண்டு, அதனால் வழுக்கல் வழுக்கலாகவே கேட்க முடியும். எவ்வளவு தூரம் வளைய வேண்டும் என்பதை முடிவு செய்வது கீபோர்டு அல்ல, சாஃப்ட்வேர் வாத்தியம். வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு செமிடோன்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ரிக்கும் மவுக்கும் இடையே ஆடும். ஒரு கட்டையில் அந்தக் காந்தாரம் டி ஷார்ப் கீ. அதிலிருந்து கீழே இரண்டு செமிடோன் சி ஷார்ப், அதுதான் ரி. மேலே இரண்டு எஃப், அதுதான் ம. ஆக வழக்கமான இரண்டு செமிடோன் அமைப்பே முழு ஆட்டத்துக்கும் போதும். ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது) பெரிதாக வேண்டும் என்று 12 செமிடோனுக்கு ஏற்றிவிடுகிறார்கள், அது தவறு. அப்போது ஒரு மயிரிழை நகர்ந்தாலே ஸ்வரம் மாறிவிடும். நீண்ட ஜாருவுக்கு 12 வைத்த தனி டிராக் ஒன்று போதும்.

இனி வீலின் உடம்பு. ஸ்பிரிங் வைத்து நடுவுக்குத் திரும்பும் உருளை, கீகளுக்கு இடப்பக்கம் இருப்பதுதான் கமகத்துக்கு வசதி. மணிக்கட்டை மேஜையில் ஊன்றி, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாக ஆட்டலாம். இடம் மிச்சம் பிடிக்க வீலைக் கீகளுக்கு மேல்பக்கம் வைத்த மாடல்களில் கை அந்தரத்தில் நிற்கும், ஆட்டம் சீராக வராது. குட்டி ஜாய்ஸ்டிக்கில் ஓட்டம் மிகக் குறைவு. முழுசாகத் தள்ளுவது சுலபம், பாதியில் நிறுத்துவது கஷ்டம். கமகம் என்பதே பாதியில் நிறுத்துவதுதான். தொடுபட்டை சிலருக்குப் பிடிக்கும், வீணைக் கம்பியில் விரல் இழுப்பது போல இருக்கிறது என்பார்கள். வியர்த்த விரலில் அது தடுமாறும். மே மாதத்தில் சென்னையில் வாசித்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று: பெண்ட் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா நோட்டையும் சேர்த்து வளைக்கும். மெட்டோடு சுருதியையும் அதே டிராக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கமகம் செய்தால் சுருதியும் சேர்ந்து ஆடும். தம்பூராவைத் தனி டிராக்கில் வையுங்கள், மெட்டு வாத்தியத்தை மோனோவில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு நோட் மட்டும் ஒலிக்கும்படி, போடுங்கள்.

பக்கத்திலேயே மாடுலேஷன் வீலும் இருக்கட்டும். அது ஸ்பிரிங் இல்லாமல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பல வயலின், ஸ்டிரிங்ஸ் வாத்தியங்களில் ஒலியை ஏற்றி இறக்குவது அதுதான்.

7. பேடு, குமிழ், ஃபேடர்

தாளம் விரலால் தட்டிப் பதிவு செய்பவருக்குப் பேடு வேண்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தைக் கீக்குக் கொடுங்கள். குமிழும் ஃபேடரும் (மேலும் கீழும் நகர்த்தும் பட்டன்) உங்கள் சாஃப்ட்வேரோடு தானாக ஒட்டிக்கொள்ளுமா என்று பார்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றாகக் கையால் இணைக்க வேண்டியிருந்தால் இரண்டாம் நாளே மவுஸுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

8. பின்பக்கத் துளைகள்

ஒலியை நீட்டும் சஸ்டெய்ன் பெடலுக்கு 6.35 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பெடலில் இரண்டு வகை உண்டு: மிதித்தால் சுற்று இணைவது ஒன்று, மிதித்தால் பிரிவது இன்னொன்று. மாறிப்போனால் மிதிக்காதபோது ஒலி நீளும், மிதித்தால் அறுந்துவிடும். பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போது பெடல் எந்த வகை என்று தாமே கண்டுகொள்ளும். அதனால் முதலில் பெடலைச் செருகுங்கள், அப்புறம் மின்சாரம் கொடுங்கள், அந்த நேரத்தில் பெடலில் கால் வைக்காதீர்கள்.

'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்று போட்டிருந்தால் டிரைவர் தேவையில்லை; செருகினால் வேலை செய்யும், ஐபேடிலும் பெரும்பாலும் ஓடும். போனிலிருந்து மின்சாரம் எடுத்தால் சில கீபோர்டுகள் எழுந்திருக்காது. அதற்கு மின்சாரம் தனியாக வாங்கும் ஹப் வேண்டும். பழைய சிந்த் எதையாவது ஓட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் வட்டமான ஐந்து முனை மிடி துளையைத் தேடுங்கள்.

9. இப்போது மாடல்

இவ்வளவும் முடிவானால் பட்டியல் தானாகவே மூன்று நான்காகச் சுருங்கிவிடும். வெறும் வாசிப்புக்கு என்றால் எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49 மாதிரி: முழு அளவு கீ, இரண்டு வீல், ஒரு ஃபேடர், பேடு கிடையாது. மெட்டு வாசிக்கும் புதியவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த வகைதான். ஏபிள்டன் லைவ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் வேலை செய்பவருக்கு நோவேஷன் லாஞ்ச்கீ, அதற்காகவே செய்தது. சிந்த் ஒலிகளை நிறைய தேடுபவருக்கு ஆர்ட்டூரியா கீலேப் எசென்ஷியல், கூடவே அனலாக் லேப் என்ற சாஃப்ட்வேர் வரும். பையில் போட வேண்டியவருக்கு அகாய் எம்பிகே மினி அல்லது ஆர்ட்டூரியா மினிலேப். முதலாவதின் பல பதிப்புகளில் ஜாய்ஸ்டிக், இரண்டாவதில் தொடுபட்டை என்பதை ஆறாம் படியோடு சேர்த்து யோசியுங்கள்.

10. கடையில் பத்து நிமிடம்

லேப்டாப்பையும் ஹெட்போனையும் கொண்டு போங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர் போட்டுக்கொண்டால் கீபோர்டு அனுப்பும் ஒவ்வொரு எண்ணும் திரையில் ஓடும். எல்லாக் கீயையும் வரிசையாக, முதலில் மெதுவாக, அப்புறம் ஓங்கித் தட்டுங்கள். பிட்ச் வீலை ஆட்டி விடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நடு மதிப்புக்கு, அதாவது 8192க்கு, திரும்ப வேண்டும்.

பழைய கீபோர்டு வாங்குபவர்களுக்கு இது கட்டாயம். ஒரு தடவை தட்டினால் இரண்டு நோட் விழுவதும், ஒரு கீ மட்டும் எப்போதும் 127 அனுப்புவதும் கீழே இருக்கும் ரப்பர் காண்டாக்ட்டில் தூசியோ தேய்மானமோ இருப்பதன் அடையாளம். தூசி என்றால் கழற்றித் துடைக்கலாம், தேய்ந்திருந்தால் பட்டையையே மாற்ற வேண்டும். விற்பவர் "சும்மா தூசிதான்" என்று சொன்னால், துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். கூட வரும் சாஃப்ட்வேரை அவர் ஏற்கெனவே தன் பெயரில் எடுத்திருப்பார், அதற்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள்.

11. முதல் நாள் மாலை

பெட்டியில் வந்த கேபிளையே போடுங்கள். போன் சார்ஜர் கேபிள் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. கீபோர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு அது வந்ததே தெரியாது. ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பில்.

முதலில் மிடி-ஆக்ஸிலோ மிடி மானிட்டரிலோ எண் வருகிறதா பாருங்கள். வந்தால் கீபோர்டு நல்லது. அதை மூடிவிட்டு அப்புறம் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறங்கள். விண்டோஸின் பல பதிப்புகளில் ஒரு கீபோர்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடித்துக்கொள்ள முடியும். மானிட்டர் திறந்தே இருந்தால் மற்றதற்கு எதுவும் போகாது. அமைப்பில் மிடி இன்புட்டாக உங்கள் கீபோர்டைத் தேர்ந்து, டிராக்கில் வாத்தியத்தை ஏற்றி, அந்த டிராக்கின் ரெக்கார்ட் பட்டனைச் சிவப்பாக்குங்கள். "சத்தமே வரல" போன்களில் பாதிக்கு மேல் இந்தச் சிவப்பு பட்டனில் முடிந்திருக்கின்றன.

சத்தம் வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது என்றால் கீபோர்டைத் திட்டாதீர்கள். ஆடியோ அமைப்பில் பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவு) 1024 என்று இருந்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே 23 மில்லிசெகண்ட் தாமதம். 128க்கு இறக்கினால் 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஸ்பீக்கரை இணைக்கும் பெட்டி) இருந்தால் அதன் சொந்த ஏசியோ டிரைவரைப் போடுங்கள். இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் இலவசமான ஏசியோ4ஆல். 128இல் கரகரத்தால் 256க்கு ஏற்றுங்கள். புளூடூத் ஹெட்போனைக் கழற்றி வையுங்கள், பலவற்றில் அதன் தாமதம் மட்டுமே 100 மில்லிசெகண்டைத் தாண்டும். வயர் வைத்த பழைய இயர்போன் இதில் ராஜா.

கடைசியாக, கீபோர்டின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைப் போனில் படம் எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் பதிந்து, கூட வரும் சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வாசித்து எல்லாக் கீயும் சரி என்று தெரியும்வரை பெட்டியையும் தெர்மாகோலையும் எறியாதீர்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.